ஒரே காலுக்கு இரண்டு சாக்ஸ்

ஜனவரி 12

அன்புள்ள குள்ளிக்கு,

நூல் வந்து சேர்ந்தது. ஆரஞ்சும் நீலமும் பட்டை பட்டையாய் வருகிற நூலை எங்கே தேடிப் பிடித்தாய்? பஸ் டிப்போவில் என் மேசைமேல் வைத்தேன், அந்த அறைக்கே புது வண்ணம் அடித்த மாதிரி ஆகிவிட்டது. டியூட்டிக்குக் கையெழுத்துப் போட வருகிற டிரைவர்கள் எல்லாரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். "அக்கா, யாருக்குப் பின்றீங்க?" என்று ஒருவர் கேட்டார். என் சிநேகிதிக்கு ஒரே ஒரு சாக்ஸ் என்றேன். "ஏன், அவங்களுக்கு ஒரு கால்தானா?" என்றார். சிரித்துவிட்டுக் கையெழுத்து நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். நம் ஒப்பந்தத்தை யாருக்கு என்று விளக்குவது?

முதல் சாக்ஸ் போடும்போது இருக்கிற ஆசை இரண்டாவதில் கால்வாசிகூட இல்லை என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே கண்டுபிடித்தோம். நான் ஒற்றை ஒற்றையாய்ப் போட்டுப் பெட்டியை நிரப்பி வைத்திருந்தேன், நீயும் அப்படியே. அதனால்தான் ஆளுக்குப் பாதி நூல், நீ ஒன்று, நான் ஒன்று. ஒரு சோடி உனக்கு, அடுத்த சோடி எனக்கு. உன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உன்னை வேறு ஊரில் புதுக் கிளைக்குத் தூக்கிப் போட்ட பிறகும் இது நிற்கவில்லை, பார். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

இந்தச் சோடி உன் முறை. உன் பாதம் என் உள்ளங்கை அளவுதான் என்பதால் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

ஒரு சின்னக் குறை. போன கடிதத்தில் என்னை "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். மீதி எல்லாம் பேக்கரி அம்மா. யார் அந்த அம்மா?

உன்
நெட்டை


பிப்ரவரி 3

என் நெட்டைக்கு,

சாக்ஸ் வந்தது. என்னுடையதோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு இன்று கடைக்குப் போனேன். எங்கள் கடையில் எல்லாமே கறுப்பு, வெள்ளை, சாம்பல். கண் பரிசோதிக்க வந்த ஒரு பெரியவர் பலகையில் இருந்த எழுத்தைப் படிக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நல்லா தெரியுதும்மா" என்றார்.

பேக்கரி அம்மா யார் என்று கேட்டாய். எங்கள் கடைக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருப்பவர். சனிக்கிழமை மதியம் கடைக்கு மேலே இருக்கிற அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து பின்னுகிறோம். கீழே அடுப்பு எரிவதால் தரையே கதகதப்பாக இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவோம். எல்லார் காலிலும் ஒரு வானவில். நம் இரண்டு பேரைத் தவிர இந்தப் பைத்தியம் யாருக்கும் இல்லை என்று நினைத்திருந்தோமே, உலகம் பெரிது போ.

அவர் எனக்குப் புதுவிதமாகக் குதிகால் திருப்ப, அதாவது சாக்ஸ் குதிகாலில் வளைகிற இடத்தைப் பின்ன, சொல்லிக்கொடுத்தார். இதுவரை நாம் போட்ட குதிகால் எல்லாம் மூட்டையில் முடிச்சுப் போட்ட மாதிரிதான். இது கிண்ணம் போலக் காலில் உட்காருகிறது. முதல் தடவை சரியாக வந்தபோது எழுந்து நின்று எல்லாரிடமும் காட்டினேன், வெட்கமே இல்லாமல். இத்தனை வயதுக்கு மேல் கை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது என்ன சுகம் தெரியுமா?

நீ போட்டதையும் அவரிடம் காட்டினேன். "நல்ல கை. கொஞ்சம் இறுக்கிப் போடுறாங்க, அவ்வளவுதான்" என்றார். நான்கூட இத்தனை வருஷம் அதைக் கவனிக்கவில்லை.

இதைப் படிக்கும்போது உன் மூக்கு நுனி சிவந்திருக்கும், எனக்குத் தெரியும்.

உன்
குள்ளி


மார்ச் 1

குள்ளி,

மூக்கு மட்டும் இல்லை, காதும் சிவந்தது.

என் கையைப் பற்றிச் சொல்ல அவர் யார்? நான் இறுக்கித்தான் போடுவேன். அதனால்தான் நான் போட்டது ஓட்டை விழாமல் கிடக்கிறது. இத்தனை வருஷம் நீ கவனிக்காததை ஒரு ரொட்டிக்காரி ஒரு பார்வையில் சொல்லிவிட்டாள், நீயும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு எனக்கே எழுதி அனுப்புகிறாய். மாவு பிசைகிற கைக்கு நூலைப் பற்றி என்ன தெரியும்?

பொறாமையா என்று கேட்பாய். பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது. நீ யாரோடு வேண்டுமானாலும் சினிமாவுக்குப் போ, கடைக்குப் போ, நான் ஒரு வார்த்தை கேட்டேனா? ஆனால் பின்னல் நம்முடையது. அதில் மூன்றாவது ஆள் வந்து சூடான தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரே வரிசையில் இரண்டு நிறம் மாற்றி மாற்றிப் போட்டுப் பூ வரைவது எப்படி என்று படம் பார்த்து ஆரம்பித்தேன். சிவப்பில் மஞ்சள் பூ. நடுவில் ஒரு இடத்தில் இரண்டு நூலும் கையில் தானாக ஓட ஆரம்பித்தது, பூ ஒன்று கண்ணெதிரே விரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரைமணி நேரம் உன் பேக்கரிக்காரியை நான் நினைக்கவே இல்லை. முடித்துவிட்டுப் போட்டால் கால் நுழையவில்லை. பின்பக்கம் ஓடுகிற நூலை எல்லாம் வரிந்து கட்டியிருக்கிறேன், துணி கொஞ்சமும் நீளவில்லை. என் வீட்டுக்காரர் விரலைவிட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டிலுக்குப் போடலாம்" என்றார். இப்போது அது சமையலறையில் எண்ணெய் பாட்டிலுக்குச் சட்டையாக இருக்கிறது. இறுக்கம் என்று அவள் சொன்னது உண்மையாகிவிட்டதே என்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அடுத்த சோடி என் முறை. பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ நிறத்தில் பட்டை. உன் பாதியை இதோடு வைத்திருக்கிறேன். என் கால் படகு என்பதை மறக்காதே. பழைய குதிகாலே போடு. கிண்ணம் எல்லாம் எனக்கு வேண்டாம்.

நெட்டை


ஏப்ரல் 9

நெட்டைக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கடையில் வேலை அதிகம், நீளமாக எழுத முடியவில்லை. உன் சாக்ஸ் இதோடு இருக்கிறது. பழைய குதிகால்தான். நன்றாகப் போட்டுக்கொள்.

குள்ளி


ஏப்ரல் 17

குள்ளிக்கு,

பார்சலைப் பிரித்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். அளவு சரி. குதிகால் நம் பழைய குதிகால். மேலே நீ எப்போதும் விடுகிற தளர்ச்சி, விரல் பக்கம் முடிக்கும் இடத்தில் நீ வழக்கமாகப் போடுகிற அந்த அசட்டு முடிச்சு, எல்லாம் இருக்கிறது. என்னுடையதையும் எடுத்துவந்து கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நீ இடக்கைக்காரி. நான் வலது பக்கமிருந்து பின்னிக்கொண்டு போனால் நீ இடது பக்கமிருந்து வருவாய். அதனால் நிறம் மாறுகிற இடத்தில் என் பட்டைகள் ஒரு பக்கம் படியேறும், உன்னுடையவை மறுபக்கம் ஏறும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று நிற்கும், இது வலது கால், இது இடது கால் என்று. கடையில் வாங்குகிற சாக்ஸில் அப்படி வராது. அதை நாம் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

இந்த முறை இரண்டும் ஒரே பக்கம் ஏறுகின்றன. இரண்டும் ஒரே காலுக்கு.

இது உன் கை இல்லை. யார் கை என்று நான் கேட்கப் போவதில்லை. முடிச்சு வரைக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள், கெட்டிக்காரிதான். எனக்கு ஒரு சாக்ஸ் போட உனக்கு நேரம் இல்லை என்றால் நேரம் இல்லை என்று எழுதியிருக்கலாம். நான் நாலு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். அதைப் போய் அவளிடம் கொடுத்து, "என்னைப்போலவே போடு, நெட்டைக்குத் தெரியாது" என்று சொல்லி, இரண்டு பேரும் சிரித்தீர்களா? அந்தச் சூடான தரையில் உட்கார்ந்துதானே?

இதை என் காலில் போட்டுக்கொள்ள மாட்டேன். இனிமேல் நூல் அனுப்பாதே. நானும் அனுப்பவில்லை.


மே 20

என் நெட்டைக்கு,

இந்தக் கடிதம் கோழி கிளறியது மாதிரி இருக்கும். வலது கையால் எழுதுகிறேன். ஒரு வாரமாய்க் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். பேக்கரி அம்மாவையே எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வந்து அவர் கடைக்குத் தீ வைத்துவிடுவாய்.

என் இடது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. வருஷக்கணக்காய்க் கண்ணாடிச் சட்டத்தில் கடுகு மாதிரி திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்ததில் வந்தது என்கிறார் டாக்டர். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் ஊசி கையிலிருந்து தானாக விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. இப்போது விரலுக்குப் பட்டை கட்டியிருக்கிறார்கள். கடையில் என்னைப் பில் போடுகிற இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். வலி குறையும், ஆனால் பின்னல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கொஞ்ச நாளைக்கா?" என்று கேட்டேன். "இல்லம்மா, விட்டுடுங்க" என்றார். கிண்ணம் மாதிரி குதிகால் ஒன்றே ஒன்றுதான் போட்டேன், நெட்டை. அதற்குள் முடிந்துவிட்டது.

உன் நூல் வந்தபோது ஊசியில் கண்ணி ஏற்றிப் பார்த்தேன். நாலு வரிசை. அந்த நாலு வரிசை இப்போது உன்னிடம் இருக்கிற சாக்ஸில் மேலே இருக்கிறது, அந்தத் தளர்ச்சி என்னுடையதுதான். அதற்குமேல் முடியவில்லை. பேக்கரி அம்மாவிடம் என் பழைய சாக்ஸைக் கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்று கெஞ்சினேன். "உங்க சிநேகிதிகிட்ட சொல்லிடுங்களேன்" என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். சொன்னால் நீ பாவம் பார்ப்பாய். என்னைப் பார்த்து நீ பொறாமைப்படுவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பொறாமைப்படுகிற வரைக்கும் நானும் பின்னுகிறவள்தானே.

யாரும் சிரிக்கவில்லை. இப்போது பொறாமை எனக்கு. சனிக்கிழமை மேலே போய் உட்கார்ந்து, மற்றவர்கள் கை ஓடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிழவி ஒருத்தி ஒரே மூச்சில் குதிகால் திருப்பிவிட்டாள். அந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நூல் அனுப்பாதே என்று எழுதினாய். அனுப்பினாலும் நான் என்ன செய்யப்போகிறேன்.

குள்ளி


ஜூலை 28

அடி குள்ளி,

உன் கடிதத்தை டிப்போவில் படித்தேன். கையெழுத்துப் போட வந்த டிரைவர், "என்னக்கா, கண்ணுல தூசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வரிசையாய் மூன்று பஸ்ஸுக்கு நேரத்தைத் தப்பாய் எழுதிவைத்து மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கும் நீதான் பொறுப்பு.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் பார்சலில் இருக்கிறது. போ, பிரித்துவிட்டு வந்து மீதியைப் படி.

சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. ஒரு சோடி. இரண்டும் நான் போட்டது. இரண்டாவது சாக்ஸை என் வாழ்க்கையில் இப்போதுதான் முதல் தடவையாக முடித்திருக்கிறேன். வலது காலுக்கு உள்ளதை நாலே நாளில் போட்டுவிட்டேன், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. இடது காலுக்கு உள்ளதற்குத்தான் ஜூன் முழுக்கவும் இந்த மாதமும் ஆயிற்று. பட்டைகள் எந்தப் பக்கம் படியேறுகின்றன என்று பார். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பின்னினேன், ஊசியை இடது கைக்கு மாற்றி. முதல் வாரம் நூல் கழுத்தைச் சுற்றிக்கொண்டதுதான் மிச்சம். என் வீட்டுக்காரர், "யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். எத்தனை தடவை அவிழ்த்தேன் என்று கேட்காதே, நூல் நைந்து பஞ்சாகியிருக்கிறது, கணுக்கால் பக்கம் பார்த்தாலே தெரியும். பிறகு ஒருநாள் அந்தக் கை புரிந்துகொண்டது. இத்தனை வருஷம் நீ எந்தப் பக்கமிருந்து இந்த நூலைப் பார்த்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

தளர்வாகத்தான் போட்டிருக்கிறேன். அவள் சொன்னதற்காக இல்லை. உன் கையில் பட்டை கட்டியிருக்கிறார்களே, இழுத்துப் போட வசதியாக இருக்கட்டும் என்று.

உன்னைப் பார்த்து இன்னும் எனக்குப் பொறாமைதான். நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டிய அந்த இடது பக்கத்தை நீ அப்போது பேசிக்கொண்டே போடுவாய். இதைப் பாவம் பார்த்து எழுதவில்லை.

இனி நிறம் எடுப்பது உன் வேலை. கடைக்குப் போய் நூலைத் தொட்டுப் பார்த்து, கண்ணைப் பறிக்கிற மாதிரி எடுத்து அனுப்பு. என் சோடி, உன் சோடி இரண்டும் நானே போடுகிறேன். அந்த ஒரே காலுக்கான இரண்டு சாக்ஸையும் போட்டுக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன். ஒன்றில் நாலு வரிசை உன்னுடையது என்பதால்.

சனிக்கிழமை நீ மேலே போ. தரை சூடாக இருந்தால் உட்கார், டீ குடி, கிழவியைத் திட்டு. பேக்கரி அம்மாவிடம் என் நன்றியைச் சொல். ஆனால் உனக்கு ஒரு சாக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று அவர் ஆரம்பித்தால், ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளச் சொல். உன் இரண்டு காலும் என்னுடையவை.

உன்
நெட்டை