பெரிய கிராணிக்கு எந்த இடம்?

1933 மார்ச் 4, சனி

கிள்ளானில் தோற்றோம். முப்பத்தொரு ரன்னுக்கு எல்லோரும் அவுட். டீ வருவதற்குள் நாங்கள் முடிந்துவிட்டோம்.

ரயிலில் திரும்பும்போது, எங்கள் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமை குமாஸ்தா இராமலிங்கம் சார், "பந்து எகிறிடுச்சு லா" என்றார். எகிறவில்லை. தரையோடு உருண்டு வந்தது. வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

மார்ச் 6, திங்கள்

துரை கூப்பிட்டார். கிள்ளானிடம் இன்னொரு முறை இப்படித் தோற்றால் சனிக்கிழமை மைதானம் ஹாக்கிக்காரர்களுக்காம். இருபத்தைந்தாம் தேதி கிள்ளான்காரர்கள் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் மைதானத்துக்கு வருகிறார்கள். கேப்டன் என்பதால் நான்தான் பொறுப்பாம்.

என்ன கேப்டன்? எங்கள் டீமில் பேட்டிங் வரிசை என்றால் ஆபீஸ் நாற்காலி வரிசை. பெரிய கிராணி முதலில் இறங்குவார். அடுத்து இரண்டாம் கிராணி பழனியப்பன். பிறகு நான். இப்படியே போய், போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த அப்துல் ஜலீல் கடைசி. பந்தைப் பார்த்து அடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் இறங்கும்போது மற்றவர்கள் கடலை கொறித்துக்கொண்டிருப்போம்.

வரிசையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் பெரிய கிராணியைக் கீழே இறக்கினால், அவர் என்னைக் குவாலா லிப்பிஸ் காட்டுக்கு மாற்றல் போட்டு ரயில் ஏற்றிவிடுவாரே!

மார்ச் 7, செவ்வாய்

புஷ்பவல்லியிடம் யோசனை கேட்டேன்.

"கொழம்பு வாயில வைக்க முடியலன்னா, பரிமாறுற வரிசைய மாத்தினா ருசி வந்துருமா?"

மனைவியிடம் கிரிக்கெட் பேசியது என் தப்பு.

மார்ச் 9, வியாழன்

முடித்துவிட்டேன்! மூளை என்றால் இது மூளை.

பெரிய கிராணியின் மேஜைக்குப் போனேன். "சார், கோயில் ஊர்வலத்துல முதல்ல யாரு வர்றா?"

"மேளக்காரன்."

"சாமி?"

"சாமி பின்னாலதான்யா வரும். அதுக்கென்ன?"

"நீங்க மட்டும் ஏன் சார் மேளக்காரன் மாதிரி முதல்ல போறீங்க?"

பேனாவை வைத்தார். மீசையைத் தடவினார். "அப்ப ஏழாவதா வரட்டுமா?"

"ஒன்பது இன்னும் கௌரவம் சார்."

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். புஷ்பவல்லி சிரிக்கவில்லை. "பாவங்க அவரு" என்றாள்.

மார்ச் 11, சனி

கெட்டது காரியம். சாமிக் கதை ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. இன்று செந்தூல்காரர்களோடு ஆட்டம். முதலில் இறங்க ஆளே இல்லை. "நான் என்ன மேளக்காரனா?" என்று பழனியப்பன் மரத்தடியை விட்டு எழவில்லை. அம்பயர் கத்தவே ஆரம்பித்துவிட்டார். கடைசியில் நானும் ஜலீலும் போனோம்.

நான் இரண்டாவது பந்தில் அவுட். ஜலீல் அடித்தான், அழகாக. எதிர்முனையில் ஆள் ஆளாக வந்தார்கள், போனார்கள். அவன் கடைசிவரை அவுட்டில்லை. கூட நிற்கத்தான் ஆளில்லை. மொத்தம் முப்பத்திரண்டு. என் மூளைக்கு ஒரு ரன்.

பெரிய கிராணி இரண்டு காலிலும் பேடு கட்டிக்கொண்டு காத்திருந்தார். எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தார். உள்ளே போனதும் முதல் பந்திலேயே ஸ்டம்ப் எகிறியது. அது விழுந்த பிறகுதான் பேட்டைத் தூக்கினார். டீகூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 12, ஞாயிறு

காலையில் வாசலில் பெரிய கிராணி! லிப்பிஸ்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

"என்னைய சாமியாக்கி ஓரங்கட்டிட்ட, இல்ல?" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நான் ஏன் முதல்ல போறேன் தெரியுமா? உக்காந்து காத்துக்கிட்டிருக்க முடியாதுய்யா. சட்டுனு போனா சட்டுனு தீந்துரும். நேத்து ஒவ்வொருத்தனா அவுட்டாக ஆகத் தண்ணியா குடிச்சுத் தீத்தேன்."

"ஏன் சார்?"

"பந்து தெரியலய்யா. பௌலர் கைய ஆட்டுறது தெரியும். அப்புறம் ஸ்டம்ப் விழுற சத்தம் கேக்கும்."

எழுத்து நன்றாகத் தெரிகிறதாம், தூரம்தான் தெரியவில்லையாம். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆள் குறைக்கிறார்கள். கண்ணாடி போட்டால் கிழவன் என்று துரை வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயம். வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள். இத்தனையும் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் ஆளாக நடந்து போயிருக்கிறார். நான் கடலை தின்றுகொண்டு சிரித்திருக்கிறேன். சே.

காப்பி கொண்டுவந்த புஷ்பவல்லி, "துரையே கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான இருக்காரு?" என்றாள்.

பெரிய கிராணி காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கண்ணாடிக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மார்ச் 15, புதன்

பெரிய கிராணி கண்ணாடியோடு வந்தார். துரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் பெரிய கிராணிக்கு இப்போது தம் நாற்காலியிலிருந்தே சுவர்க் கடிகாரம் தெரிகிறது. "ராதாகிருஷ்ணா, தினமும் இத்தன மணிக்கா வர்ற நீ?"

நல்லது செய்தால் இப்படித்தான்.

மார்ச் 20, திங்கள்

தினமும் விடிந்ததும் பயிற்சி. பெரிய கிராணியின் உத்தரவு. ஜலீல் பந்து போடுகிறான். நாங்கள் வரிசையாக நின்று தடுக்கக் கற்றுக்கொள்கிறோம். இத்தனை வருஷத்தில் பயிற்சி என்று ஒன்று செய்ததே இல்லை, யாருக்கும் தோன்றவுமில்லை. பழனியப்பனுக்கு மூக்கில் அடி. நாளையும் வருகிறேன் என்கிறார்!

பெரிய கிராணி இனி பேட் பிடிக்க மாட்டாராம். எங்கள் பக்க அம்பயராக நிற்கப்போகிறார். "ஆட்டம் எப்படி இருக்கும்னு இப்பத்தான்யா பாக்குறேன்" என்றார்.

மார்ச் 25, சனி

கிள்ளான் தொண்ணூற்றெட்டு. நாங்கள் எட்டு விக்கெட்டுக்கு எழுபத்தொன்று எடுத்திருந்தபோது மழை கொட்டிவிட்டது. வெற்றியில்லை, தோல்வியில்லை. துரை குடைக்குள்ளிருந்து, அடுத்த சனிக்கிழமை யாரோடு ஆட்டம் என்று கேட்டார். மைதானம் எங்களுக்குத்தான்!

வரிசையா? பழைய நாற்காலி வரிசையேதான். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

நான் பதினாறு அடித்து நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். பந்து காலில் பட்டது. கிள்ளான்காரன் அரைமனதாகத்தான் அவுட் கேட்டான். பெரிய கிராணியின் விரல் விருட்டென்று மேலே போனது.

"சார், நீங்க நம்ம ஆளு!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பந்து வந்தது, பட்டது, எல்லாம் பாத்தேன்யா. நீ நட."