வெறும் வயிற்றில்

உம்மா, கட்டாரிலிருந்து உங்கள் ஹம்ஸியாவின் ஸலாம். முழங்கால் நோவு குறைந்ததா? ஏறாவூரில் மழை விட்டதா? நான் சுகம்.

போன கிழமை அயன் பண்ணும்போது நின்றபடியே தூங்கிவிட்டேன். மேடத்தின் அபாயாவில் ஓட்டை! பயப்பட வேண்டாம், மேடம் ஏசவில்லை. கூட்டிப்போய் இரத்தம் சோதிக்க வைத்தார். ரீ.எஸ்.எச். கூடியிருக்கிறதாம். அது கூடினால் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மந்தம் என்று அர்த்தமாம். இந்த வெயில் நாட்டில் விற்றமின் டீயும் குறைவாம்!

“எப்போதும் குளிருதா? முடி கொட்டுதா? முகம் வீங்குதா?” என்று டொக்டர் கேட்டார். எனக்கு மௌத்தாகி நம்மை விட்டுப் போன மூத்தவள் இன்ஷிரா ராத்தாவைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. அன்றிலிருந்து கண்ணாடியில் ராத்தாவின் முகம்தான் தெரிகிறது. அப்போது நாமெல்லாம் ராத்தாவை “ஜின் பிடிச்சிருக்கு, அதான் தூங்குறா” என்றோம். ராத்தாவின் பதில் ஒன்றுதான்: “எனக்கு ஏலாம கிடக்கு உம்மா.”

தங்கச்சி நிஸ்றாவும் இப்போது பாயை விட்டு எழும்புவதில்லையாமே. ஏசாதீர்கள். நாளைக்கே இரத்தம் சோதியுங்கள். ராத்தாவின் ஊதாச் சால்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், குளிர் தாங்க முடியவில்லை.

மேடம் கூப்பிடுகிறார். தினம் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு டொக்டர் தந்த தைரொயிட் குளிசை ஒன்றை விழுங்குகிறேன். ராத்தாவுக்கும் ஓதிய தண்ணீரை வெறும் வயிற்றில்தானே கொடுத்தோம். தண்ணீர் சரிதான் உம்மா. குளிசைதான் இல்லாமல் போயிற்று.

ஹம்ஸியா