பன் விற்க ஊதிய சங்கு

நண்பா,

வலது கையை வானத்துக்கு உயர்த்தி, இடது கையை உன் கடைப் பன் ஒன்றின் மேல் வைத்து, இந்த ஊரிலேயே பொய் பேசாத ஒரே மனிதனாகிய நான் உறுதி கூறுகிறேன்: இப்போது எழுதப்போவதை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜீவனும் நம்பாது. நீயும் நம்பமாட்டாய். உயிரோடு இருந்தபோதே என் பேச்சில் பாதியைக் காதில் வாங்காதவன் நீ. இப்போது மட்டும் நம்பி என்னைக் கவிழ்த்துவிடாதே.

இன்று காலை உன் அடுப்பிலிருந்து முதல் தட்டுப் பன் வெளியே வந்த வாசனை எங்கள் சந்து வரை வந்தது. கூடவே போனில் ஒரு செய்தி. உன் மனைவி ரோஸிதான். "அண்ணா, அவர் ஊதின அந்தச் சங்கு ஆடியோ உங்க போன்ல இருக்குதா? கடைக்கு வேணும்."

படித்ததும் என் கை நடுங்கியது. கை நடுங்கி டீ டம்ளர் நடுங்கி, மேசை நடுங்கி, வீடு நடுங்கி, பூதிகோட்டையில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிலநடுக்கம் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார்களாம். அந்த ஆடியோ என்னிடம் இருக்கிறது. நீ போன பிறகு அதை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. திறந்தால் சங்குக்கு நடுவே உன் மூச்சு கேட்கும். எனக்கு அந்த மூச்சைக் கண்டுதான் பயம். நாம் இருவரும் தங்கச் சுரங்கத்தில் இறங்கும் ஒரே கேஜில் ஏறி, ஒரே லெவலில் இறங்கி, ஒரே தூசியை உள்ளே இழுத்தவர்கள். உன் நெஞ்சில் குடியேறியது என் நெஞ்சில் மட்டும் இடம் காலியில்லை என்று திரும்பிப் போயிருக்குமா?

மைன்ஸ் மூடியதும் நீ பன் கடை வைத்தாய். பல வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கடைத்தெரு முனையில் கண்ணாடிக் கதவும் குளிர்காற்றுமாக ஒரு பெரிய பேக்கரி வந்தது. அன்று சாயந்திரம் விற்காத பன்களை முன்னால் வைத்துக்கொண்டு, செத்துப்போனவர் வீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் போல் உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாபா, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு எதிர்ல நம்ம தகரக் கதவு எத்தினி நாள் நிக்கும்?"

"கதவ உடு. உலகத்தையே உன் போனுக்குள்ள கூட்டிகினு வரேன். இன்னிலேர்ந்து நான்தான் உன் மார்க்கெட்டிங் டைரக்டரு."

"சம்பளம்?"

"பன்னு."

"அத்ததான் இத்தினி வருசமா ஓசில துன்னுகினு கீறியே!"

இப்படியாக என் பதவியேற்பு விழா நடந்தது. பெங்களூரிலிருந்து உன் மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைக்கென்று வாட்ஸ்அப்பில் தனிக் கணக்கு, பன் படங்களின் பட்டியல், ஒரே அழுத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் போகும் செய்தி, நாம் தூங்கினாலும் தானாகப் பதில் சொல்லும் வசதி. எல்லாம் இலவசம். இலவசம் என்றதும் உன் முகத்தில் வந்த சந்தேகத்தை நான் மறக்கவில்லை. "சும்மா குடுக்கறான்னா எதையோ எட்துகினு போவப் போறான்" என்று கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாய்.

நான் எடுத்த பன் படத்துக்குப் போட்ட மினுக்கில், தங்கம் தீர்ந்துபோன ஊரில் மறுபடி தங்கம் கிடைத்துவிட்டதென்று மூன்று கம்பெனிகள் நிலம் அளக்க வந்தன. ஆனால் பன் வாங்க ஒருவரும் வரவில்லை. விடிந்தால் ஒவ்வொரு போனிலும் ரோஜாப்பூ காலை வணக்கம் ஆயிரம் வந்து விழுகிறது. அந்தக் குப்பைக்குள் நம் பன் எங்கே தெரியும்? தானாகப் பதில் சொல்லும் வசதியோ இன்னும் பெரிய வினை. உங்கள் சர்ச்சில் ஒருவர் இறந்த செய்தியை உனக்கு அனுப்பினார்கள். "மிக்க மகிழ்ச்சி! சூடாக வந்துகொண்டே இருக்கிறது!" என்று நம் கடை பதில் சொன்னது. அடுத்த ஞாயிறு பூசைக்கு நீ தூணுக்குப் பின்னால் நின்றாய்.

அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது.

"படத்த யார்ரா பாக்கறாங்க? காதுக்குள்ள பூரணும். நம்ம ஊருக்காரன் எங்க இருந்தாலும் எந்த சத்தத்துக்குத் தல தூக்குவான், சொல்லு?"

நான் யோசிக்க வேண்டியதே இல்லை. சங்கு. ஒரு காலத்தில் இந்த ஊர் எழுந்ததும், குளித்ததும், சோறு கட்டியதும், பிள்ளையை அடித்ததும் மைன்ஸ் சங்கு ஊதித்தான். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் உன்னைத் தூக்கி நாற்காலி மேல் நிறுத்தி அந்தச் சங்கை வாயால் ஊதச் சொல்வார்கள். நீ ஊதினால் கிழவர்கள் பழக்கத்தில் எழுந்து சாப்பாட்டுத் தூக்கைத் தேடுவார்கள்.

அடுப்புக்குப் பின்னால் என் போனைப் பிடித்தேன். "ஒரே இழுப்பா ஊது. கடேசில பன் சூடா கீதுன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

நீ ஊதினாய். பாதியில் சத்தம் அறுந்தது. இழுத்தாய். மறுபடி ஊதினாய், மறுபடி அறுந்தது. மறுபடி ஒரு இழுப்பு. கடைசியில் முகம் சிவந்து, "பன்னு சூடா கீது, வாங்க" என்றாய்.

"சூப்பர்பா! உட்டு உட்டு ஊதினது இன்னும் எடுப்பா கீது" என்றேன். நீயே அழுத்தி அனுப்பினாய்.

நமக்கு உறைக்கவில்லை. உறைக்காததற்குக் காரணம் உண்டு. ஒரே நீளமாக ஊதினால் ஷிப்ட். விட்டு விட்டு ஊதினால் கீழே பாறை வெடித்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று பொருள். அந்த இரண்டாவது சங்கை நாம் கேட்டதே கிடையாது. அது ஊதியபோதெல்லாம் நாம் பூமிக்கு அடியில் இருந்தோம். அதைக் கேட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடியவர்கள் மேலே இருந்த பெண்கள்.

ஐந்து நிமிடம் போனது. பிறகு என்ன நடந்தது தெரியுமா? பெங்களூர் போய்க்கொண்டிருந்த ரயில் அப்படியே பின்னோக்கி வந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் எழுந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தன. இப்படியெல்லாம் அப்புறம் டீக்கடையில் சொல்லித்தான் நான் மூச்சு விட்டேன். உண்மையில் முதலில் வந்தது ஒரு போன்தான். மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும் ஸ்டெல்லாக்காவின் மகள். அழுதுகொண்டே பேசினாள்.

"மாமா, இன்னாத்த அனுப்பனீங்க? அம்மா என் போன்ல கேட்டாங்க. இப்ப ஊட்ல இல்ல. கதவு தொறந்து கீது. செருப்புகூட இங்கயே கீது!"

உன் முகம் மாவாக வெளுத்தது. ஸ்டெல்லாக்கா எங்கே போயிருப்பார் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நந்திதுர்க் ஷாப்ட், பழைய சுரங்க வாசல். வேலி பிய்ந்து கிடக்கிறது. புதருக்குள் பழைய குழிகள் வாய் திறந்து கிடக்கின்றன. மாடு விழுந்தால் சத்தம்கூடத் திரும்பி வராது.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்று மேட்டுப் பொடியைக் கிளப்பி சாலையை மறைத்தது. பின்னால் நீ, "வேகமா, வேகமா" என்றாய். பிறகு அதையும் சொல்லவில்லை. என் பிடரியில் உன் மூச்சு மட்டும் அடித்தது. கேஜில் முதல் முறை இறங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. அங்கே பயந்தது என் உயிருக்கு. இங்கே ஒரு பன் விற்பதற்காக ஓர் உயிரைக் குழிக்கு அனுப்பிவிட்டோமே என்று வாய்க்கு வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். புத்தரைக் கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்த நான் உன் மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் பெண்கள் நின்றிருந்தார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது, ஏழெட்டுப் பேர். ஒருத்தி கையில் கரண்டி. ஒருத்தி தலையில் பாதி பின்னிய சடை. எல்லாரும் என்றோ நின்றுபோன அந்தப் பெரிய கேஜ் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது இப்போது சுற்றும் என்பது போல. நடுவில் கம்பியைப் பிடித்தபடி வெறுங்காலுடன் ஸ்டெல்லாக்கா.

நீ போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாய். "அக்கா, அது பன்னுக்குக்கா. நான்தான் ஊதினேன். வாயால. மைன்ஸ் மூடி எவ்ளோ வருசம் ஆச்சிக்கா."

"மூடிச்சின்னு எனக்குத் தெரியாதா? என் ஊட்டுக்காரரு செத்ததும் தெரியும். காலுக்குத் தெரில, ஓடி வந்துட்ச்சி" என்றார் அவர். கரண்டிக்காரம்மா உன்னை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார். "பன்னு வாயில மண்ண போட!" என்று ஆரம்பித்தது எங்கெங்கோ போனது. நீ தலை குனிந்து வாங்கிக்கொண்டு, என் போனையும் பிடுங்கி, போய்ச் சேர்ந்த எல்லா இடத்திலிருந்தும் அந்தச் செய்தியை அழிக்கப் பார்த்தாய்.

"இரு," என்றார் ஸ்டெல்லாக்கா. "இன்னொரு வாட்டி போடு."

போனைக் காதில் வைத்துக் கேட்டார். சங்கை அல்ல. சங்கு அறுந்த இடங்களை.

"இந்த நடுவுல இழுக்கறது இன்னா?"

"அடுப்புகிட்ட நின்னேன்கா. மாவுத் தூசி."

"மாவுத் தூசி இல்லடா. கல்லுத் தூசி. எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான் இழுத்தாரு. எவ்ளோ நாளா?"

நீ என்னைப் பார்த்தாய். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான் அன்று வேலியைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே படம், மாத்திரை, மூக்கில் குழாய். குழாயோடும் கடையில் உட்கார்ந்து, "பன் ரெடி" என்று மட்டும் தட்டி அனுப்பினாய். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சங்குக்குப் பிறகு நம் கடையிலிருந்து எது வந்தாலும் ஊரே உடனே திறந்து பார்த்தது. வியாபாரம் நின்று போகவில்லை. நின்றுபோனது உன் மூச்சுதான்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். ரோஸி கேட்டதற்கு இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதைக் கேட்கவும் தைரியம் இல்லை. டைரக்டர் அல்லவா, வழி கண்டுபிடித்தேன். வேண்டாத சத்தத்தைத் தானே நீக்கித் தரும் இலவச ஆப் ஒன்று உண்டு. உன் ஆடியோவைப் போட்டு, போனைத் தலையணைக்கு அடியில் வைத்து, காதைப் பொத்திக்கொண்டு ஒரே அழுத்து. மூச்செல்லாம் துடைத்தெடுத்து, அறுந்த இடங்களை ஒட்டி, ஷிப்ட் சங்கு போலவே நீளமாகக் கொடுத்தது. இனி எந்தப் பெண்ணும் ஓடமாட்டாள். நானும் பயப்பட வேண்டாம். வெற்றி வீரனாகக் கடைக்குப் போனேன்.

ரோஸி கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு வந்து கேட்டாள். முழுவதும் கேட்டாள்.

"அண்ணா, நடுவுல வர்றது எங்க?"

"அது சத்தம்மா. விளம்பரத்துக்கு ஆவாது. எடுத்துட்டேன்."

"விளம்பரம் யாருக்கு வேணும்?" என்றாள். "அவரு போன பின்னாடி தூக்கமே வரல. அந்த இழுப்பு கேட்டுகினே தூங்கிப் பழகிட்ச்சி. கடைக்குன்னு சொன்னாதான் குடுப்பீங்கன்னு கேட்டேன்."

பழைய ஆடியோவைத் திறந்தேன். உன் கடையில், உன் நாற்காலிக்கு எதிரே நின்று. நீ ஊதினாய், அறுந்தது, இழுத்தாய். நான் இத்தனை நாள் பேயைக் கண்டதுபோல் ஒதுங்கி ஓடிய அந்தச் சத்தத்தை ரோஸி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆடியோ முடிந்தது. முடிந்த பிறகும் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து என் நெஞ்சைப் பார்த்தாள்.

"அண்ணா, போன் நின்னுட்ச்சி. இழுப்பு நிக்கல."

"பன் வாசனைமா. கொஞ்சம் அதிகமா இழுக்கறேன். அதுக்கும் காசு கேப்பியா?"

அவள் சிரிக்கவில்லை. கடையைச் சாத்தினாள். மதியம் வியாபாரம் நடக்கிற நேரத்தில் உன் தகரக் கதவு சாத்தியதை இந்த ஊர் இன்றுதான் பார்த்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

படம் எடுக்கிற அறையில் நான் செய்த வீரத்தைக் கேள். சட்டையைக் கழற்றி நின்றேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். பிடித்தேன் பார், அந்தப் பிடியில் அறையின் காற்றெல்லாம் தீர்ந்து ஜன்னல்கள் உள்ளே வளைந்தன. தெருவில் போன மாடுகள் மயங்கி விழுந்தன. "போதும் மாமா, உட்ருங்க, ஊருக்குக் காத்து வேணும்" என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த ரோஸிக்கு இதை அப்படியே சொன்னேன். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

படம் நாளைக்குத்தான் வருமாம். சட்டைப் பையில் ரசீதும் போனும் இருக்கின்றன. போனுக்குள் நீ இருக்கிறாய்.

நான் சொன்ன எதையும் நம்பாதே. அந்த அறைக் கதையில் மட்டும் ஒரு சின்னப் பகுதி நிஜம். அந்தப் பெண் மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். நான் இழுத்தேன். இன்னொரு முறை என்றாள். மறுபடி இழுத்தேன்.

பிடிக்க முடியவில்லை, நண்பா.