கேட் சாத்தும் பாதைகள்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே தூறல். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட வேண்டும். செந்துறை ரோட்டு பாலிசிக்காரர்களுக்கு போன். இவருக்கு மாத்திரை, மருந்துக்கடையில் தெரிந்த முகம் எதுவும் நிற்காத நேரமாகப் பார்த்து.

திருச்சியில் இவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம். அரியலூருக்குச் சொன்ன கதை: குலதெய்வம் கோயிலுக்குப் போனோம், அப்படியே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டோம். கதை என் தயாரிப்பு. உடம்பில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் கெஞ்சும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் நான். வெட்கம் இருக்கிறதா? இருக்கிறது. பிழைப்பைக் கெடுக்காத அளவுக்கு.

மறைக்கச் சொன்னது இவர். பம்புசெட் கடை. மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைப்பவர் என்று பெயர். "பாவம்னு ஒருத்தன் பார்த்தான்னா கடையச் சாத்திட்டு வூட்டுல உக்காந்துருவேன்." சொன்னால் செய்கிற ஆள்.

டாக்டர் சொன்னவை: சைக்கிள் ஓட்டலாம், நல்லதுதான். சமதளம் மட்டும். மேடு கூடாது. மூச்சு வாங்கினால் உடனே நிறுத்தி உட்கார வேண்டும்.

முதல் மூன்றுக்கும் தலையாட்டினார். கடைசி மட்டும் காதில் ஏறவில்லை. முன்னால் ஒருவன் போய்க்கொண்டிருக்கும்போது இவர் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை.

நவம்பர் 5, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது. பக்கத்து வீட்டு மருமகள் அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. விசாரிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சுற்றுக்குப் பாதை போடுவது என் பொறுப்பு. நாங்கள் இருவர், வசந்தா டீச்சர், ரஃபி பாய். மேடில்லாத பாதைக்கு வெளியே சொல்லும் காரணம்: என் முட்டி. மேடு ஏறினால் எனக்கு முட்டி வலிக்கும். உண்மையில் கல் முட்டி. ஆனால் ஊரிலேயே அதிகம் நலம் விசாரிக்கப்படும் முட்டி இதுதான்.

நம் பக்கம் தட்டையான பூமி, மேட்டைத் தேடித்தான் போக வேண்டும். டவுனில் ரயில்வே மேம்பாலம், அதுதான் எங்கள் இமயமலை. ஏரிக்கரை ஏற்றம் அடுத்தது. இரண்டையும் தவிர்த்து, சிமெண்ட் லாரி ரோட்டையும் தவிர்த்து, காப்புக்காட்டு ஓரம், தைல மரங்களுக்கு நடுவே, முந்திரித் தோப்பு வழியாக ஒரு சுற்று. சமதளத்துக்கு வழி பிறந்தது. மூச்சு வாங்கினால் இவரை நிறுத்துவது எப்படி?

இவரை நிறுத்த ஒன்றே ஒன்றால்தான் முடியும். சாத்திய ரயில்வே கேட். அங்கே கலெக்டரும் நிற்கிறார், கரும்பு டிராக்டரும் நிற்கிறது, ஆகவே இவரும் நிற்பார். மானம் போகாத ஓய்வு. அதனால் நான் போடும் எல்லாப் பாதையிலும் நட்டநடுவில் ஒரு கேட். ரயில் வரும் நேரத்துக்கு நாங்கள் அங்கே போய்ச் சேருகிற மாதிரி, வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை முன்னே பின்னே தள்ளுவேன். தலைவாருவதில் எவ்வளவு நேரத்தை வேண்டுமானாலும் கரைக்கலாம், ஆண்கள் சந்தேகப்படுவதில்லை.

இந்த முறை முந்திரித் தோப்புக்கு அப்பால் உள்ள கேட். கோடைக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மூட்டம். டீக்கடையில் கூட்டம் போட்டோம். ரஃபி பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயிலிருந்து திரும்பி இங்கே செண்ட் கடை வைத்திருக்கிறார். சைக்கிள் விலையைக் கேட்டால் நமக்குத்தான் நெஞ்சு வலிக்கும். நல்ல மனிதர். வாய்தான்.

"எத்தனை நாளைக்கு அண்ணே இந்தப் பச்சப்புள்ள ரோடு? ஒரு நாள் மேம்பாலத்துல ஏறி அந்தப் பக்கம் எறங்குவோம், இன்ஷா அல்லாஹ்."

"ஏறிட்டாப் போச்சு" என்கிறார் இவர். எனக்கு டீ புரையேறியது.

"முட்டிங்க..." என்றேன்.

"அக்கா முட்டிக்கு ஒரு கோயிலே கட்டலாம்" என்றார் ரஃபி பாய். வசந்தா டீச்சர் சிரித்து முடித்துவிட்டு, "உங்களுக்குத்தான் முட்டி. அண்ணன் எதுக்கு எளைச்சுட்டாரு?" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, இவருடைய சட்டைக் காலரைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிட்டு அடிப்பவனை இப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும்.

"டயட்டு" என்றேன். "காப்புக்காட்டுப் பக்கம் போனா மான் தெரியும். மேம்பாலத்துல என்ன தெரியும், லாரிதான்."

மான் பொய். மான் வென்றது.

நவம்பர் 8, சனி

நல்ல மழை. பாதையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றிருந்தேன், முடியவில்லை.

மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இவர் மோட்டார் மேல் கை ஊன்றி நின்றிருந்தார். நெற்றி நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை.

"என்னங்க?"

"வாயு."

"நாளைக்கு வேணாம்."

"வரலைன்னா ரஃபி என்ன நெனப்பான்?"

"மழைன்னு நெனப்பாரு."

"மழைக்கு ஒதுங்குனான்னு நெனப்பான்." பேச்சு முடிந்தது. சாம்பாரில் உப்பு போதவில்லை என்றார். சாப்பாட்டில் குறை கண்டால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டிருந்தது. இடது கையில் மாவுக்கட்டு. வலது கை தப்பியதால் இது எழுதப்படுகிறது.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

காட்டோரம் நன்றாகத்தான் போனது. ஈர மண், தைல வாசனை. ரஃபி பாய் கத்தினார்: "அக்கா, மான்!" பார்த்தால் ஆடு. "கழுத்துல மணி கட்டுன மானு" என்றாள் டீச்சர். இவரும் சிரித்தார். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை. நான் பின்னாலிருந்து இவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். முந்திரித் தோப்பு தாண்டும்போது சட்டை முழுக்க ஒட்டிவிட்டது. பரவாயில்லை, இதோ கேட். தூரத்தில் ரயில் சத்தமும் கேட்டது. என் கணக்கை நானே மெச்சிக்கொண்டேன்.

கேட் இல்லை.

இருந்த இடத்தில் சுவர். ரோடு அதற்கு முன்பே திரும்பி, தண்டவாளத்துக்கு அடியில் இறங்குகிறது. புதுச் சுரங்கப்பாதை. அடியில் மழைத் தண்ணீர். அந்தப் பக்கம் செங்குத்தாக ஏற்றம். மேலே ரயில் தடதடவென்று போகிறது, யாரையும் நிறுத்தாமல்.

"வாங்கண்ணே!" ரஃபி பாய் கூவிக்கொண்டே இறங்கி, தண்ணீரைக் கிழித்து, ஒரே மூச்சில் மேலே போய்விட்டார். இவர் பின்னாலேயே. "என்னங்க, நில்லுங்க" என்று கத்தினேன். ரயில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

நானும் இறங்கினேன். தண்ணீரைத் தாண்டிப் பார்த்தால் இவர் ஏற்றத்தின் பாதியில். சீட்டில் உட்காரவில்லை, எழுந்து நின்று மிதிக்கிறார். சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது. ஒரு கை ஹேண்டிலை விட்டுவிட்டு நெஞ்சுக்குப் போனது.

விழுந்தேன்.

வேண்டுமென்றேதான். யோசித்தெல்லாம் இல்லை. சுவர்ப் பக்கம் சாய்ந்தேன், "ஐயோ" என்றேன். நாடகம் போடத்தான் நினைத்தேன், கை உண்மையாகவே ஒடிந்தது. இரண்டாவது "ஐயோ" அசல்.

ரயில் போய்விட்டிருந்தது, அதனால் கேட்டது. இவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார். நிறுத்தப் போய் ஓட வைத்துவிட்டேன்.

"எங்கடி அடி? எங்க?"

"ஓடாதீங்க. ஓடாதீங்க."

என் சைக்கிளை எடுத்துத் தள்ளிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். ரஃபி பாய் எதிரே வந்து, "குடுங்கண்ணே, நான் தள்றேன்" என்றார்.

"விடுப்பா. நான் பார்த்துக்கறேன்."

நாலைந்து எட்டு வைத்திருப்பார். உதடு வெளுத்திருந்தது. எனக்குக் கை வலி மறந்துபோயிற்று. நான் வாயைத் திறந்தேன், சொல்லிவிடலாம் என்று. அதற்குள் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ரஃபி, எனக்கு இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கு. முடியல. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

பின்னால் வந்த டீச்சர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யா அல்லாஹ். சொல்லக்கூடாதாண்ணே? நான் பாட்டுக்கு வா வான்னு இழுத்துக்கிட்டு..." ரஃபி பாய் அவர் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். இன்னொரு கையில் போன், தம்பியைக் காரோடு வரச்சொல்லி. அந்த வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. டீச்சர் துப்பட்டாவைக் கிழித்து என் கையைக் கட்டினாள். "டயட்டாம்" என்றாள் கட்டும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு. கண் கலங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இவரைத்தான் முதலில் படுக்க வைத்தார்கள். ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, சாயங்காலம் வரை விடவில்லை. மாரடைப்பு இல்லையாம். இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புதன்கிழமை திருச்சிக்குப் போய்க் காட்ட வேண்டும்.

காரில் வரும்போது இவர் மெல்லச் சொன்னார்: "நம்ம போற வழியில எல்லாம் ஏன் ஒரு கேட் வருதுன்னு இப்பத்தான் யோசிக்கறேன்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"நீ விழுந்ததும் விழுந்த மாதிரி இல்ல."

ஜன்னல் வழியாக நிறைய மரம் தெரிந்தது.

நவம்பர் 10, திங்கள்

வெயில். கை விண்விண்ணென்கிறது. ரஃபி பாய் பிரியாணி கொடுத்துவிட்டிருந்தார், எண்ணெய் குறைவாக.

டீச்சர் ஊருக்குச் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து போன். இவர் எடுக்க மாட்டார், கடையைச் சாத்திவிட்டு மூலையில் உட்காரப்போகிறார் என்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் போனை முறைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். "ஆமா. வெச்சிருக்கு. ஆமா, நாலு மாசம்." வைத்தார். அடுத்தது வந்தது. மதியத்துக்குள் எனக்கு ஒன்று புரிந்தது: பாதிப் பேர் விசாரிக்கக் கூப்பிடவில்லை. தங்களுக்கும் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, எந்த டாக்டர் என்று கேட்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் என் பாலிசிக்காரர்கள். ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

நாலு மணிக்குக் கடை திறந்தார். மோட்டாரைத் தூக்க ஆள் கூப்பிட்டாராம், ரஃபி பாய் போனில் சொன்னார். நம்பவில்லை. விசாரிக்க வேண்டும்.

இருட்டும் நேரம் மாடியில் துணி கிடந்தது. மறுபடி தூறல். எனக்குக் கை இப்படி. இவர் எடுத்து வருகிறேன் என்று போனார். படியில் செருப்புச் சத்தம், பாதி வரை. பிறகு இல்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்து ஓடினேன்.

நடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குச்சு, உக்காந்தேன். நீயும் உக்காரு."

உட்கார்ந்தேன். துணி நனைந்துகொண்டிருந்தது.