எதிர்த்தரப்பை முதலில் சொல்கிறவளுக்கு

நீ எழுதிய புத்தகத்தின் கட்டு இன்று நம் புதுவயல் அரிசி மில்லுக்கே வந்து சேர்ந்தது. பிரித்ததும் அச்சு வாசம். நெல் அவிக்கிற வாசத்தையும் தாண்டி மூக்கில் ஏறியது. வந்துவிட்டது என்று உனக்குப் போன் போடக் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது.

தத்துவம் படித்த பெண்ணை அரிசி மில்காரனுக்குக் கட்டிவைக்கிறார்களே என்று காரைக்குடியில் சிரித்தார்கள். நீ கல்லூரியில் பாடம் சொன்னாய், நான் தவிடு விற்றேன். பழைய வாதங்களில் தோற்றுப்போனவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று தேடுவதே உன் ஆராய்ச்சி. அவர்கள் எழுதியவை அழிந்துவிட்டன, ஜெயித்தவர்கள் திட்டியதற்குள்தான் அவர்கள் மிச்சமிருக்கிறார்கள் என்பாய். தோற்றவர்களுக்கா இத்தனை பக்கம் என்று பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் கேட்டு, உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து, அவர்கள் கேட்டதில் உள்ள நியாயத்தைத்தான் முதலில் எனக்கு விளக்கினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் வீட்டுச் சண்டையும் அதே முறைதான். "இருங்க, நீங்க என்ன சொல்ல வர்றீகன்னு மொதல்ல நான் சொல்றேன்" என்பாய். நான் நினைத்ததைவிட நன்றாகவே சொல்வாய். "விட்டுப்போனது ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் மறுப்பாய். அப்படிச் சந்தோஷமாகத் தோற்றிருக்கிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியில், உன் புற்றுநோய்க்கு இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் உன் பக்கம் திரும்பினேன். நீதான் பேசினாய். "இன்னும் ஒரு மாசம் கெடச்சாலும் போதும்னு நெனைக்கிறீக. நான் இல்லாத வீட்டுக்குள்ள போகப் பயமா இருக்கு உங்களுக்கு. அதச் சொல்ல வெக்கப்படுறீக. சரியா?"

தலையாட்டினேன்.

"அந்த ஒரு மாசமும் நான் உங்களப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேங்க. வலியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். வீட்டுக்குப் போவோம்."

கூட்டிவந்தேன். படுத்தபடியே கடைசி அத்தியாயத்தைத் திருத்தி முடித்தாய். முடித்துவிட்டுப் போய்விட்டாய்.

போன வாரம் உன் அண்ணன் வந்திருந்தார். "ஏன் மாப்ள, அவ சொன்னான்னா கூட்டியாந்துருவீகளா?" என்று கேட்டார். நீ சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். உன் மாணவர்கள்கூட அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அது அவ சொன்னது. நீங்க என்ன நெனச்சீக?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷமும் நான் நினைப்பதை நீதானே சொல்லிக்கொண்டிருந்தாய்.