வட்ட மேசைக்குக் குட்டையான கண்ணாடி

என்னங்க,

காலை ஷிஃப்டுக்குப் போறேன். கெம்போங் மீன் கறி அடுப்புல இருக்கு, மத்தியானம் சூடு பண்ணிக்குங்க.

நாலு மணிக்குச் சிலிபின் பக்கம் கடை வச்சிருக்கிற கண்ணாடிக்காரர் நம்ம வட்ட மேசைய மறுபடி அளக்க வருவாரு. அவர்கிட்ட எகிறாதீங்க, நீங்க குடுத்த அளவுக்குத்தான் வெட்டினாரு. நடுவுல மாதா சுரூபம் இருக்கு, தொடக்கூடாதுன்னு டேப்ப ஒதுக்கிப் புடிச்சு அளந்தீங்க. விட்டம்னா நடுவுல போகணும்லா. ஒதுங்கிப் போனா அது நாண், குட்டையாத்தான் இருக்கும். அதான் கண்ணாடியச் சுத்தி மரம் தெரியுது.

மாதாவ நானே தூக்கி அலமாரியில வச்சிட்டேன். அவங்க கோவிச்சுக்கல. நான் சிரிச்சிட்டேன்னு நீங்கதான் ரெண்டு நாளா பேசல.

வாசச் சாவி ஆணியில இருக்கு.

பிலோமினா

இன்னொண்ணு, இடமில்ல, ஓரத்துல எழுதுறேன். வட்டத்துல ரெண்டு பேரு ஆகத் தள்ளி உக்காரணும்னா விட்டத்தோட ரெண்டு முனையிலதான் உக்காரணும். ரெண்டு நாளா நாம அப்படித்தான் சாப்பிடுறோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உங்க தட்ட என் தட்டுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். கண்ணாடிக்காரர் அளந்து முடிச்சதும் அங்கயே திருப்பி வைங்க.