கடைசிக் காட்சியில் வந்த மகன்

அன்புள்ள அம்மாவுக்கு, சுன்ஹ்வா எழுதுவது. அங்கே நம்ம ஊர் யான்ஜியில் பனி கொட்ட ஆரம்பித்திருக்கும். முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்காதே.

நீ விடாமல் பார்த்த சாயங்காலத் தொடரின் முடிவு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சாகப்போகிறவள் பத்து நிமிஷம் வசனம் பேசுகிறாள். அமெரிக்காவிலிருந்து மகன் சரியான நேரத்துக்கு ஓடி வருகிறான். எல்லாம் புளுகு. ஆனாலும் இங்கே சியோலில், எங்கள் ஆஸ்பத்திரி வார்டே அழுதது. நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த நோ என்ற அம்மாளின் கையைப் பிடித்தபடி நானும் அழுதேன். நடுவில் அவர் என்னவோ முனகினார். "சும்மா இருங்கம்மா, மகன் வந்துட்டான் பாருங்க" என்று அதட்டினேன். விளம்பரம் வந்தபோதுதான் அந்தக் கை சில்லிட்டிருப்பது தெரிந்தது.

அவருடைய சொந்த மகன் மறுநாள் வந்தான். "அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். தொடரில் வந்த வசனத்தையே சொன்னேன். தேம்பித் தேம்பி அழுதான்.

நீ கவலைப்படாதே, பார்த்துக்கொள்ள எனக்கு வேறு கட்டில் நோயாளியைக் கொடுத்துவிட்டார்கள். இதோ, கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் செய். புதுத் தொடரைத் தனியாக உட்கார்ந்து பார்க்காதே. எதிர்வீட்டு கும்நியோ அத்தையைக் கூப்பிட்டுக்கொள். டிவி அது பாட்டுக்கு ஓடட்டும், அவர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

சுன்ஹ்வா